மூன்று நிமிடச் சொற்கள்

லஸ்த்ரி ஒரு நாளில் எவ்வளவு நேரம் படிக்கிறாள் என்று ஒருமுறை அவளையே கேட்டுக் கூட்டிப் பார்த்தேன். காலைத் தொழுகை முடிந்து சோறு வேகும்வரை பதினெட்டு நிமிடம். பேருந்தில் பதினொன்று. வேலை செய்யும் இல்லத்தில் குளியல் தொட்டி நிரம்பும்வரை ஏழு. துணி உலர்த்தும் இயந்திரம் நிற்கக் காத்திருக்கையில் நான்கு. மதிய இடைவேளையில் சாப்பிட்டது போக ஆறு. பிற்பகல் தேநீர் கெட்டியாகும்வரை மூன்று. இரவில் ஒரு மணி நேரம் மேசை முன் உட்காருவதாகத் திட்டம் உண்டு. புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே தூங்கிப்போவதால் அதை அவள் சேர்த்துக்கொள்வதில்லை. ஆக நாற்பத்தொன்பது நிமிடம். அதற்குள் பத்துப் புதிய சொற்கள், அவற்றின் கான்ஜி என்னும் ஜப்பானியச் சித்திர எழுத்துகள், முந்தின வாரத்துப் பழைய சொற்கள் நாற்பது.

"இன்னொரு நிமிஷம் எங்கயாவது கிடைச்சா அம்பதாயிடும்," என்றாள். "தேடிக்கிட்டிருக்கேன்."

அவள் வேலை செய்தது ஹிமி என்ற கடலோர ஊரில், துறைமுகத்துக்கு மேலே குன்றுச் சரிவில் இருக்கும் முதியோர் இல்லத்தின் இரண்டாம் மாடியில். என் அப்பா கடைசி மூன்றரை வருடம் அந்த மாடியில்தான் இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளிலும் புதன்கிழமை மாலைகளிலும் நான் போவேன். என்னோடு பேசியதைவிட அவளோடுதான் அப்பா அதிகம் பேசினார். நான் பக்கத்தில் ஆப்பிள் துருவிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன்.

சுலஸ்த்ரி என்பது முழுப்பெயர். ஜாவாவில் கெபுமென் ஊர்ப்பக்கம். அங்கே செவிலியர் படிப்பு முடித்தவள். இரண்டு அரசாங்கங்களின் ஒப்பந்தத்தில் இங்கே வந்தாள். ஒரு வருடம் மொழி படித்து, மூன்று வருடம் இல்லத்தில் வேலை செய்துவிட்டு ஜனவரியில் பராமரிப்பாளர் தேர்வு எழுத வேண்டும். தேறினால் விரும்பும்வரை இருக்கலாம், கணவனையும் பிள்ளையையும் அழைத்துக்கொள்ளலாம். தேறாவிட்டால் ஊர் திரும்ப வேண்டும். மகன் பாகாஸை விட்டுவிட்டு வந்தபோது அவனுக்கு ஒன்றரை வயது. அவன் ஓடப் பழகியதையும் பேசப் பழகியதையும் அவள் கைபேசித் திரையில்தான் பார்த்தாள்.

தேர்வுத்தாளில் கான்ஜிக்கு மேலே அதன் உச்சரிப்பைச் சின்னதாக அச்சிட்டுத் தருவார்கள். வாசித்துவிட்டால் பொருள் வந்துவிடுமா என்ன. படுக்கைப் புண், மூட்டு இறுக்கம், மூச்சுக்குழலில் உணவு போய்விடுவது எல்லாவற்றுக்கும் இந்த ஊரில் பிறந்தவர்களே தடுமாறும் சொற்கள் இருக்கின்றன. தவிர, இல்லத்தின் அன்றாடப் பதிவேட்டில் யாரும் உச்சரிப்பு எழுதி வைப்பதில்லை. காலை எட்டரைக்கு இரவுப் பணியாள் அதைப் படபடவென்று வாசித்துப் பகல்காரர்களிடம் ஒப்படைப்பார். முதல் வருடம் முழுக்க லஸ்த்ரி அந்தப் பத்து நிமிடமும் எல்லோரும் தலையசைக்கும்போது தானும் தலையசைத்துவிட்டு, பிறகு மாடிப் பொறுப்பாளர் தொபேயைத் தனியாகப் பிடித்து, "இப்ப நான் எதுக்கெல்லாம் தலையாட்டினேன்?" என்று கேட்பாளாம்.

அவளிடம் வளையம் கோத்த அட்டைக் கட்டுகள் மூன்று இருந்தன. ஈரக்கை படும் என்பதால் ஒவ்வொரு அட்டைக்கும் பிளாஸ்டிக் உறை. பச்சை வளையத்தில் இருபது வினாடிச் சொற்கள். காய்ச்சல் பார்க்கும் கருவி ஒலிப்பதற்குள் ஒன்று பார்த்துவிடலாம். மஞ்சளில் மூன்று நிமிடச் சொற்கள். சிவப்பில் தொட்டி நிரம்பும் நேரத்துக்கானவை, பெரும்பாலும் சட்டமும் காப்பீடும். சொற்களை எழுத்தின் கோடுகளை வைத்தோ பாட வரிசையை வைத்தோ பிரிக்காமல், எது எவ்வளவு நேரம் கேட்கும் என்று பிரித்து வைத்த ஆளை நான் வேறு பார்த்ததில்லை.

அப்பாவுக்கு அந்த அட்டைகள் பெரிய வேடிக்கை.

"என்ன, மறுபடியும் சீட்டாட்டமா?"

"ஆமா ஷோகிச்சி-சான். இன்னிக்கு நீங்கதான் தோக்கப் போறீங்க."

"அந்த எழுத்தெல்லாம் எனக்கே வராது. எண்பத்தாறு வருஷம் ஓட்டிட்டேன்ல?"

"நீங்க மீனைப் படிச்சீங்க. எனக்கு மீன்ல பரீட்சை வைக்க மாட்டேங்கறாங்களே."

"வெச்சா மட்டும்? கானாங்கெளுத்திக்கும் சூரைக்கும் வித்தியாசம் தெரியுமா உனக்கு?"

"பொரிச்சா தெரியும்."

அப்பா நிலைவலைப் படகுகளில் நாற்பது வருடம் போனவர். பக்கவாதம் வந்த பிறகு விழுங்கும் சக்தி குறைந்துவிட்டது. தண்ணீராய் இருப்பது எதுவும் தொண்டையில் வழி தவறி மூச்சுக்குழலுக்குள் போய்விடும். அதனால் தேநீரில் ஒரு மாவைக் கலக்கி, அது கெட்டியாகும்வரை வைத்திருந்து கொடுப்பார்கள். கலக்கியவுடன் பார்த்தால் சாதாரணத் தேநீர் போலத்தான் இருக்கும். மூன்று நிமிடம் போனால்தான் தேன் பதம் வரும். அப்பாவுக்கு அது பிடிக்கவே பிடிக்காது. "இது தேநீரா, கோந்தா? வலை ஒட்டவா குடுக்கறீங்க?" என்பார். கெட்டியாவதற்கு முன்பே குடித்துவிட வேண்டும் என்று அவருக்கு எப்போதும் ஒரு கண் இருந்தது. அது மாடியில் எல்லோருக்கும் தெரியும்.

நவம்பர் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு லஸ்த்ரி நான்கு கோப்பைகளில் மாவு கலக்கி மேசையில் வைத்தாள். மஞ்சள் வளையத்தில் அன்று புதிதாகக் கோத்த ஓர் அட்டை இருந்தது. ஆறு எழுத்துச் சொல். தன் காரியங்களைத் தானே பார்க்க முடியாமல் போன பெரியவர்களுக்கு நீதிமன்றம் காப்பாளர் வைக்கும் ஏற்பாட்டின் பெயர். அவள் அதைப் பார்த்தாள். அப்பாவின் கோப்பை அப்பாவின் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது.

எனக்கு அலுவலகத்துக்குத் தொலைபேசி வந்தபோது செவிலியர் தொண்டையில் குழாய் வைத்துத் தேநீரை உறிஞ்சி எடுத்திருந்தார், மருத்துவமனை வண்டியும் கிளம்பியிருந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது அப்பா மூக்கில் பிராணவாயுக் குழாயோடு படுத்திருந்தார். உதடுகளின் நீலம் முழுதும் போகவில்லை. நடைபாதையில் லஸ்த்ரி சீருடையோடு நின்றிருந்தாள். வெளியே, பனிக்காலம் வருவதைச் சொல்லும் முதல் இடி இடித்துக்கொண்டிருந்தது, மேலங்கிகூடப் போடாமல் வண்டியில் ஏறியிருக்கிறாள். இடுப்பு வளையக் குனிந்து, நான் "போதும்" என்று சொல்லும்வரை நிமிரவில்லை. நான் போதும் என்று சொல்வதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டேன்.

அப்பா மறுநாளே திரும்பி வந்துவிட்டார். வந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "நல்லாத்தான் இருந்துச்சு அந்த ஒரு வாய்த் தேநீர்."

இனி அறிக்கை. இல்லத்தில் இப்படி ஏதாவது நடந்தால் அதைப் பார்த்தவரோ செய்தவரோ விபத்து அறிக்கை எழுத வேண்டும். என்ன நடந்தது, ஏன் நடந்தது, மறுபடி நடக்காமலிருக்க என்ன செய்வோம். தொபே அதற்கெல்லாம் பழகியவர். நாற்பது வயது, கனத்த உடம்பு, எதையும் சிரித்தபடி சொல்கிற ஆள். அன்று மாலை நடந்ததை அவர் பின்னால் என்னிடம் சொன்னார்.

"நான் எழுதித் தரேன் லஸ்த்ரி-சான். 'ஏன்' கட்டத்துல 'சரிபார்ப்பு போதவில்லை'ன்னு ஒரு வரி. முடிஞ்சுது. நாங்க எல்லாம் இருபது வருஷமா அந்த ஒரே வரியத்தான் எழுதறோம்."

"எதைச் சரிபார்க்கல?"

"எதையோ. அதையெல்லாம் யாரு கேக்கறா?"

"அப்ப அடுத்த தடவை நான் எதைச் சரிபார்க்கணும்னு அதைப் படிச்சா எப்படித் தெரியும்?"

"நீ மறுபடி செய்ய மாட்டே, அது எனக்குத் தெரியும். மேலிடத்துல அதைப் படிக்கறவங்களுக்கு ஒரு வரி இருந்தாப் போதும். ஜனவரி பரீட்சைய நெனச்சுப் பாரு. அட்டை கிட்டைன்னு எழுதி வெச்சா வம்பு."

அவள் தானே எழுதினாள். இரண்டு மணி நேரம் ஆயிற்றாம். அகராதியை ஆறு தடவை பார்த்தாளாம்.

வெள்ளிக்கிழமை மேலாளர் இவாசே என்னைக் கீழே சந்திப்பு அறைக்கு வரச்சொன்னார். அவரும் தொபேயும் மட்டும் இருந்தார்கள். மேசையில் இனிப்புப் பெட்டி ஒன்று, துணியில் முடிந்தது முடிந்தபடி. இவாசே மன்னிப்புக் கேட்டுவிட்டு அறிக்கையை என் பக்கம் நகர்த்தினார். ஒன்றரைப் பக்கம். ஒவ்வொரு எழுத்தும் கட்டத்துக்குள் நேராக உட்கார்ந்திருந்தது. பள்ளிக்கூடத்துக்குப் பிறகு நம்மில் யாரும் அப்படி எழுதுவதில்லை.

"கோப்பையை அவர் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தேன். அவர் கெட்டியாவதற்கு முன் குடிக்க விரும்புவார் என்று எனக்குத் தெரியும். நான் தேர்வுக்கான அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது கடினமான சொல், அதனால் நீண்ட நேரம் பார்த்தேன். இருமல் கேட்டுத்தான் நிமிர்ந்தேன்."

குடும்பத்தார் விருப்பம் என்று ஒரு கட்டம் இருந்தது. காலியாக இருந்தது. இவாசே பேனாவை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"வேலை நேரத்துல அந்த அட்டைங்க வேண்டாம்," என்றேன். "மாடியில எங்கயுமே வேண்டாம்."

தேர்வுக்குப் பத்து வாரம் இருந்தது. நாற்பத்தொன்பதில் பதினான்கு நிமிடம் மாடியில் கிடைத்தது என்பதும் எனக்குத் தெரியும். கூட்டிப் பார்த்தவளே நான்தானே. தெரிந்தேதான் சொன்னேன். அப்பாவின் பாதுகாப்புக்காக என்பது உண்மை. அந்த நேரான எழுத்துகளைப் படித்தபோது எனக்கு வந்த கோபமும் உண்மை. அவள் வழக்கமான அந்த ஒரு வரியை எழுதியிருந்தால் நான் பேசாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். உள்ளதைச் சொன்னதால்தான் எனக்குப் பிடித்துக்கொள்ள ஒன்று கிடைத்தது.

அட்டைகள் அன்றைக்கே மாடியை விட்டுப் போயின. அடுத்த ஞாயிறு நான் போனபோது அவள் சட்டைப் பை தட்டையாக இருந்தது. ஆனால் படிப்பு நிற்கவில்லை என்பதைச் சீக்கிரமே கண்டுகொண்டேன். படுக்கை விரிப்பு அலமாரியின் பெயர்ச்சீட்டுகள், கையுறைப் பெட்டியின் பக்கவாட்டு எச்சரிக்கை, தீயணைப்புக் கருவியின் மேல் உள்ள வழிமுறை எல்லாவற்றின் முன்னும் அவள் நடை அரை வினாடி தாமதித்தது. உதடு அசைந்தது. சுவரில் இருப்பதை யாரும் எடுத்துவிட முடியாதே. ஆனால் சுவரில் இருக்கும் சொற்கள் எல்லாம் தேர்வில் வருமா? விரிப்புகளைப் பற்றிக் கேள்வி கேட்க மாட்டார்கள்.

தொபே தன்னால் ஆனதைச் செய்தார். படுக்கை மாற்றும்போது இரண்டு பேரும் இரண்டு பக்கம் நிற்பார்கள். கண் வேலையில், வாய் பாடத்தில்.

"சொல்லு லஸ்த்ரி-சான், காப்பீட்டுல பராமரிப்பு நிலையை முடிவு பண்றது யாரு?"

"நகராட்சி."

"மேல்முறையீடு எங்க?"

"தொபே-சான் கிட்ட," என்று சக்கர நாற்காலியில் இருந்தபடி அப்பா குறுக்கிடுவார். "அவன்தான் இங்க ராஜா."

"ஷோகிச்சி-சான், தப்பான பதில் சொன்னா எனக்கு அதுதான் மனசுல நிக்குது!"

"நிக்கட்டும். பரீட்சையில எழுது. மார்க் போடலைன்னா நான் வந்து கேக்கறேன்."

ஜனவரி கடைசி ஞாயிற்றுக்கிழமை, பனி முழங்கால் அளவு கிடந்தது. முதல் நாளே கனஸாவாவுக்குப் போய் நிலையத்துப் பக்கம் மலிவான விடுதியில் தங்கி எழுதிவிட்டு வந்தாள். மார்ச் கடைசியில் முடிவு. இணையத்தில் எண்களின் பட்டியல் வரும். அதில் அவள் எண் இல்லை. தபாலில் மதிப்பெண் வந்தபோது இரண்டு குறைந்திருந்தது.

பதினான்கு நிமிடம், பத்து வாரம். அதைப் பெருக்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

குறைவு கொஞ்சமாக இருந்தால் ஒரு வருடம் கூடுதலாகத் தங்கி இன்னொரு தடவை எழுத அனுமதி உண்டு. அவள் விண்ணப்பிக்கலாம். ஆனால் கணவன் வந்துவிடச் சொன்னான். கெபுமெனில் கைபேசி பழுது பார்க்கும் சின்னக் கடை வைத்திருப்பவன், நல்லவன். நாலு வருஷம் காத்திருந்தாயிற்று, பிள்ளை அடுத்த வருஷம் பள்ளிக்கூடம் போகிறான், அங்கேயே ஒரு மருத்துவமனையில் சேர்ந்துகொள் என்றான். விண்ணப்பத்துக்குக் கெடு பத்து நாள் இருந்தது.

நான் இவாசேயிடம் போனேன். என் விருப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், அறிக்கையில் அடித்துவிடுங்கள் என்றேன். அவர் உண்மையிலேயே சங்கடப்பட்டார்.

"கமாதா-சான், இப்ப அது உங்க விருப்பமா இல்லீங்க. மறுபடி நடக்காம இருக்கறதுக்கான நடவடிக்கைன்னு கையேட்டுல ஏறிடுச்சு. மூணு மாடிக்கும்."

"எடுத்துட முடியாதா?"

"கையேட்டுல சேத்ததை எடுத்து நான் பாத்ததில்ல. எடுத்த மறுநாள் ஏதாவது ஆச்சுன்னா, எடுத்தவன் யாருன்னுதானே கேப்பாங்க?"

நகராட்சியில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவளுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. எங்கள் அலுவலகத்திலும் அப்படித்தான்.

மாடிக்குப் போனேன். லஸ்த்ரி துணி மடித்துக்கொண்டிருந்தாள். நானும் ஒரு துண்டை எடுத்து மடித்தேன். அட்டைகள் வேண்டாம் என்று சொன்னது இல்லம் இல்லை, நான்தான் என்றேன்.

"தெரியும் கமாதா-சான்."

"யார் சொன்னாங்க?"

"யாரும் சொல்லல. குடும்பத்தார் விருப்பம்னு கட்டம் இருக்கில்ல? கோப்புல வெச்ச அன்னிக்கே வாசிச்சேன். ரெண்டு சொல் மட்டும் தெரியல, அகராதியில பாத்தேன். 'வருந்தத்தக்க'ன்னு ஒண்ணு. இன்னொண்ணு 'முற்றிலும் தவிர்க்க'."

இரண்டும் நான் சொன்ன சொற்கள் இல்லை. இவாசே பேனாவில் இருந்து வந்தவை. அதை அவளிடம் சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். சொல் யாருடையதாக இருந்தால் என்ன.

"அதுல ஒண்ணு பரீட்சையில வந்துச்சு," என்றாள். "அந்த ஒரு மார்க் உங்களோடது." சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை என்று பார்த்ததும் நிறுத்தினாள்.

"உங்க எடத்துல நான் இருந்திருந்தா அதையேதான் கேட்டிருப்பேன். இருமினது உங்க அப்பா. எனக்கு இன்னும் அந்தச் சத்தம் கேக்குது."

"ஊருக்குப் போறீங்களா?"

அவள் மடித்த துண்டுகளைத் தட்டி அடுக்கினாள். "நேத்து பாகாஸ் கேட்டான், ரெண்டு மார்க்னா எவ்வளவும்மான்னு. ரெண்டு கேள்விடான்னேன். அவ்வளவுதானா, எனக்குப் போன் பண்ணிக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேனேங்கறான்." அடுத்த துண்டை எடுத்து உதறிக்கொண்டே, "ரெண்டு கேள்விக்காக விட்டுட்டுப் போனா அவன் பெரியவனானதும் எனக்கு அவன் முகத்தைப் பாக்க வெக்கமா இருக்கும். இருக்கலாம்னுதான் நெனைக்கறேன். அவங்க அப்பாகிட்ட இன்னும் சொல்லல," என்றாள்.

சொன்னாள். பெரிய சண்டை ஆயிற்று என்று தொபே மூலம் தெரிந்தது. மூன்று நாள் அவன் போனை எடுக்கவில்லை. நான்காம் நாள் எடுத்து, இது கடைசி என்றானாம். அவளும் கடைசிதான் என்றாளாம்.

மே மாதம் அப்பாவுக்கு நுரையீரலில் சளி கட்டிக் காய்ச்சல் வந்தது. மருத்துவமனை வேண்டாம் என்று முன்பே எழுதிக் கொடுத்திருந்தார். நவம்பர் தேநீருக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று மருத்துவரைக் கேட்டேன். ஆறு மாதம் ஆகிவிட்டது, இல்லை என்றார். ஒரு தடவைதான் கேட்டேன். அவர் பதில் வேறாக இருந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை. லஸ்த்ரியும் அதையே அவரிடம் தனியாகக் கேட்டிருந்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது.

அப்பா ஒரு வியாழக்கிழமை பிற்பகல் போனார். நான் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அன்றைய பணி லஸ்த்ரிக்கு. அந்தப் பக்கத்தின் நகலைக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். இப்போதும் மேசையில்தான் இருக்கிறது. நாடித்துடிப்பு, சுவாசம், நேரம் எல்லாம் வரிசையாக இருக்கின்றன. நடுவில் இது:

"2:10. கண் திறந்தார். கடல் தெரிகிறதா என்று கேட்டார். மழையால் தெரியவில்லை. தெரிகிறது என்று சொன்னேன்."

பொய் சொன்னதையும் பதிவேட்டில் எழுதியிருக்கிறாள். நானும் அங்கேதான் இருந்தேன், அவள் சொன்னதையும் கேட்டேன். எழுதச் சொன்னால் நான் மழையை விட்டிருப்பேன்.

நாற்பத்தொன்பதாம் நாள் சடங்கு முடிந்ததும் இவாசேயைப் போய்ப் பார்த்தேன். கீழே குடும்பத்தார் சந்திப்பு அறை வார நாட்களில் காலியாகத்தானே கிடக்கிறது, வேலை முடிந்த பிறகு லஸ்த்ரி அங்கே உட்கார்ந்து படிக்கலாமா என்று கேட்டேன். வேலை நேரம் இல்லை, மாடியும் இல்லை. கையேட்டை அவர் ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டு, தடையில்லை என்றார். அப்பா இருந்தவரை என் சொல்லுக்கு அந்த இல்லத்தில் ஒரு மதிப்பு இருந்தது. அது கரைந்துபோவதற்குள் கேட்டுவிட்டதில் எனக்குத் திருப்தி. தொபே பணிப் பட்டியலை இழுத்துப் பிடித்து அவளுக்குக் காலைப் பணிகளாகப் போட்டுக் கொடுத்தார். நாலு மணிக்கு வேலை முடியும், ஐந்து பத்துக்குப் பேருந்து. நடுவில் ஒரு மணி நேரம், மேசை, நாற்காலி, கதவு. அட்டைகளை நிறங்களாகப் பிரித்திருந்ததைக் கலைத்து ஒரே கட்டாக்கிவிட்டாள்.

"ஒரு மணி நேரம் சேந்தாப்புல கெடைச்சா என்ன பண்றதுன்னே தெரியல மொதல்ல," என்றாள். "ஒரு சொல்லைப் பாத்துட்டு நிமிந்து நிமிந்து பாத்துக்கிட்டிருந்தேன், யாராவது கூப்பிடறாங்களான்னு."

இந்த மார்ச்சில் பட்டியலில் அவள் எண் இருந்தது. தொபேதான் எனக்குப் போன் செய்தார். "இருக்கு, இருக்கு!" என்று மட்டும் சொல்லிவிட்டு, யார் பேசுவது என்றுகூடச் சொல்லாமல் வைத்துவிட்டார்.

போன வாரம் அப்பாவின் முதலாண்டு நினைவு நாள். மாடிக்கு இனிப்பு எடுத்துப் போனேன். ஜாவாவிலிருந்தே இரண்டு புதுப் பெண்கள் வந்திருந்தார்கள். அதில் ஒருத்தியின் சட்டைப் பையிலிருந்து லஸ்த்ரி ஓர் அட்டைக் கட்டை எடுத்து மேசை டிராயரில் போட்டுப் பூட்டுவதைப் பார்த்தேன். அந்தப் பெண்ணின் முகம் சுருங்கிவிட்டது.

"நீங்களுமா?" என்றேன், அந்தப் பெண் போன பிறகு.

"விதி சரிதான் கமாதா-சான். காத்திருக்கற நேரம் காலி நேரம்னு நெனச்சேன் நான். அந்த மூணு நிமிஷம் கோப்பையைப் பாக்கறதுக்குத்தான் இருக்கு." பிறகு சுவரில் ஒட்டிய பணிப் பட்டியலைக் காட்டினாள். இரண்டு புதுப் பெயர்களுக்கும் நேராக, ஒவ்வொரு நாளும், ஒன்றே கால் முதல் ஒன்று முப்பத்தைந்து வரை "படிப்பு" என்று அச்சாகியிருந்தது. தேறிய மறுவாரமே இவாசேயிடம் கேட்டு வாங்கியிருக்கிறாள். சும்மா கொடுக்கவில்லை அவர். அதற்கும் அவள் ஒன்றரைப் பக்கம் எழுத வேண்டியிருந்ததாம்.

தொபே பின்னாலிருந்து வந்தார். "பாருங்க இந்த அநியாயத்தை. அந்த இருபது நிமிஷம் மாடி முழுக்க நான் ஒருத்தன்தான் ஓடணும். பரீட்சை எழுதறது அவங்க, எளைக்கறது நானு."

"எளைச்சா நல்லதுதானே தொபே-சான்."

"கேட்டீங்களா? பாஸ் பண்ணதும் வாய் நீண்டுடுச்சு."

நான் பட்டியலைத் தொடர்ந்து பார்த்தேன். ஆகஸ்ட் பக்கமும் கூடவே ஒட்டியிருந்தது. ஒன்பதாம் தேதியிலிருந்து ஐந்து நாள், லஸ்த்ரியின் பெயருக்கு நேரே தொபே சிவப்புப் பென்சிலால் அழுத்தி அழுத்தி அடைத்திருந்தார், வேறு யாரும் அங்கே எதுவும் எழுதிவிட முடியாதபடி. பாகாஸும் அவன் அப்பாவும் ஒன்பதாம் தேதி காலை நகோயா விமான நிலையத்தில் இறங்குகிறார்கள்.